தோடிக்கு நடுவே வந்த மீன்காரி

களியக்காவிளை,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

மக்களே,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தரம் கேட்டேன். அவ்வளவு பணம் கொடுத்து டிக்கெட் எடுத்து, ரயில் மாறிப் போய், மைதானத்தில் நான்கு மணி நேரம் நின்று, கடைசியில் "டம் டம்முன்னு நெஞ்சுல இடிச்சதுதான் மிச்சம், வீட்டுலயே ஹெட்போன் மாட்டிக் கேட்டிருக்கலாம், இனி எந்தக் கச்சேரிக்கும் போக மாட்டேன்" என்று முடித்திருக்கிறாய். போனில் பதில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து மைக்கைப் பற்றியே பேசுவார். அதனால்தான் கடிதம்.

முதலில் அவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை எழுதவிட மாட்டார். முப்பது வருஷம் மைக் செட் நடத்தியவர் அல்லவா, பாட்டு கேட்கப் போனாலும் ஒலிபெருக்கிக் குழாயைத்தான் அண்ணாந்து பார்ப்பார். பாடகர் பாடவே இல்லை, வாயை மட்டும் அசைத்தார் என்றாயே, அது நிச்சயமில்லையாம். சத்தம் ஒரு செகண்டில் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால் திரையில் உதடு அசைந்து கால் செகண்டுக்கு மேல் ஆன பிறகே குரல் வந்து சேரும். அப்புறம், டம் டம் சத்தம் நாலாபுறமும் பரவும், மேல் ஸ்தாயி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். நீ ஓரத்தில் நின்றிருப்பாய், பாட்டு உன்னைத் தாண்டிப் போயிருக்கும். அடுத்த தடவை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நில் என்கிறார். ஆபரேட்டர் தன் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அப்படித்தான் திருகுவானாம். சரி, அப்பா பங்கு முடிந்தது.

எனக்கும் பாட்டு என்றால் முதலில் வீட்டுக்குள் இருக்கும் ஒன்றுதான். கேரள எல்லையில் பிறந்ததில் ஒரு லாபம் உண்டு, மக்களே. ரேடியோ முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் திருநெல்வேலி, சாயங்காலம் ஆனால் கடலைத் தாண்டி இலங்கை வானொலி. திருவனந்தபுரத்தில் இசையமைப்பாளர் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் லலித சங்கீத பாடம், அதாவது மெல்லிசைப் பாடம், எடுப்பார். ஒரு வரி பாடுவார், கூட இருக்கிறவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நான் அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டே மூன்றாவது ஆளாகப் பாடுவேன். மலையாளப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த நோட்டு இன்னும் பரண்மேல் கிடக்கிறது. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு தேசிய நிகழ்ச்சி என்று பெரிய கச்சேரி வரும். எங்கள் அப்பா அதற்காகவே சீக்கிரம் சாப்பிடுவார். எனக்குப் பாதியிலேயே உறக்கம் வந்துவிடும். எத்தனையோ பெரிய வித்வான்களுடைய பல்லவியை நான் உறக்கத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

பிறகு மாமா வளைகுடாவிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். ரேடியோவுக்கு முன்னால் அதை வைத்து, வீட்டில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, நான் முதலில் பிடித்தது ஒரு தோடி ராகம். பக்கத்துக்கு முப்பது நிமிஷம் ஓடும் கேசட். ஆலாபனை உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து வெளியில் ஒரு மீன்காரி "சாளேய்..." என்று நீட்டினாள். அதுவும் பதிந்துவிட்டது. அழிக்க வழியில்லை. பத்துப் பதினைந்து வருஷம் அந்தக் கேசட்டைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டேன். இப்போதும் யார் தோடி பாடினாலும் அந்த இடம் வரும்போது மீன்காரி எங்கே என்று காது தேடும்.

நேரில் கேட்ட முதல் பாட்டு எனக்கும் உன்னைப் போலத்தான் கசந்தது. கோவில் திருவிழாவில் கானமேளா, அதாவது சினிமாப் பாட்டுக் கச்சேரி. நான் ரேடியோவில் கேட்டு உருகிய பாட்டை அந்தப் பையன் வேறு சுருதியில், வேறு வேகத்தில் பாடினான். வயலின் வரவேண்டிய இடத்தில் கீபோர்டு. எனக்கு அழுகையே வந்தது. "இது தப்பு, பாட்டு அப்படி இல்லை" என்று அம்மையிடம் சண்டை போட்டேன். ரெக்கார்டில் இருப்பதுதான் பாட்டு, மற்றதெல்லாம் அதன் பழுதான நகல் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதை மாற்றியது நம் வீட்டு வாசலில் போகிற நவராத்திரி ஊர்வலம். போன வாரமும் போயிற்று. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறை, மறுநாள் நம் எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அங்கே கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதி முன்னால் ஒன்பது நாளும் கச்சேரி. நீ சிறுசில் குத்துவிளக்கு ஏற்றிய தட்டோடு நின்று, "சாமி எங்கம்மா போகுது?" என்று கேட்பாய். "கச்சேரி கேக்கப் போகுது" என்பேன். விளையாட்டாகச் சொன்னதுதான். ஒரு வருஷம் அது எனக்கே உறைத்தது. சரஸ்வதியே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் புறப்பட்டுப் போய்க் கேட்கிறாள், நான் அடுக்களையில் உட்கார்ந்து கேசட் போட்டுக்கொண்டிருக்கிறேன்!

கோட்டைக்குள் அந்த நவராத்திரி மண்டபத்தில் 2006 வரை பெண் ஒருத்தி உட்கார்ந்து பாடியது கிடையாது. முதலில் பாடியவர் நம் பக்கத்து ஊர்க்காரர், பாறசாலை பொன்னம்மாள். 1924-ல் பிறந்தவர், அன்று அவருக்கு 81 வயது. ஊரே பேசிற்று. நான் போகவில்லை, உனக்குப் பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு. நீ எடுத்த மார்க் எனக்கு மறந்துபோயிற்று, போகாமல் விட்டது மட்டும் மறக்கவில்லை. 2021-ல் அவர் காலமான செய்தியைப் பேப்பரில் படித்தபோதும் அந்தத் தேர்வுதான் ஞாபகம் வந்தது. உன்மேல் வருத்தமில்லை, சும்மா சொல்கிறேன்.

நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு, 2009-ல், அப்பாவுக்கு வேட்டி கட்டிவிட்டு பஸ் ஏறினேன். அங்கே ஒன்பது நாளைக்கும் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் இயற்றிய கீர்த்தனை ஒன்பது. எந்த நாளில் எந்த ராகம் என்பது முன்னமே தீர்மானம். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி என்று போகும். நாங்கள் போனது நாலாம் நாள், தோடி. அதாவது வந்திருந்த அத்தனை பேருக்கும் என்ன பாட்டு என்று தெரியும். பாதிப் பேருக்கு வரிகூட மனப்பாடம். அப்புறம் எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், எதிரொலி அடங்க. "யாரு யோசிச்சாளோ!" என்று என் காதில் கிசுகிசுத்தார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே சங்கீத விமர்சனம் அது.

தோடியில் மேலே போகும்போது பாடகருக்குக் குரல் பிசிறிவிட்டது. என் வயிற்றில் ஏதோ பிசைந்தது. என் கேசட்டில் அப்படி ஒருநாளும் ஆனதில்லை, ஆகவும் ஆகாது. மீன்காரி வருவாள், அவ்வளவுதான். இங்கே அடுத்த நொடி என்ன ஆகும் என்று பாடுகிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வயலின்காரர் அந்த ஸ்வரத்தைக் கீழிருந்து மெல்லப் பிடித்துக்கொடுத்தார். பாடகர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கண்ணை மூடி அதே இடத்துக்கு வேறு வழியில் ஏறினார். இந்தத் தடவை நின்றது. அங்கே கைதட்டக் கூடாது என்பது வழக்கம். யாரும் தட்டவில்லை. பக்கத்திலிருந்த வயசான அம்மா மூச்சு விட்டது மட்டும் கேட்டது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன். கானமேளாப் பையனிடம் அன்று கோபப்பட்டது தப்பு என்று அப்போது தோன்றிற்று. பாவம், அவனுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

உன் மைதானத்தில் இது நடக்காமல் இருக்கலாம். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் குரல் பிசிறினாலும் தெரியாது. அதனால் சின்ன சபையாகப் பார். நீ இருக்கும் ஊரிலும் நம் ஆட்கள் மார்கழியிலோ நவராத்திரியிலோ எதாவது பள்ளிக்கூட ஹாலில் கச்சேரி வைப்பார்கள், கேட்டுப் பார். அரை மணி நேரம் முன்னாலேயே போய் மிருதங்கக்காரர் பக்கமாக உட்கார். தொப்பி என்கிற இடது முகத்தில் நனைத்த ரவையை அப்பி, தட்டித் தட்டிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி அப்பி, கல்லால் வலந்தலையை, அதாவது வலது முகத்தை, சுற்றி அடித்துச் சுருதி சேர்ப்பார். எனக்கு அதைப் பார்ப்பதிலேயே பாதிக் கச்சேரி கேட்ட திருப்தி. ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் ஏழெட்டுக்கு மேல் தெரியாது. பெரிய கச்சேரிக்குத்தான் போவேன் என்றால் காதில் அடைப்பான் வைத்துக்கொள், அதற்கென்றே கடையில் கிடைக்கும். வெட்கப்படாதே. அப்பாவுக்கு இப்போது இடது காது மந்தம், ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஹெட்போனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. நானே ராத்திரி அதை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். அதில் கேட்ட தோடியால்தானே அந்த மண்டபத்தில் பிசிறியது எனக்குத் தெரிந்தது.

ஜனவரியில் லீவு கிடைக்குமா? திருவனந்தபுரம் குதிரமாளிகை அரண்மனை முற்றத்தில் சுவாதி சங்கீதோத்ஸவம் 6-ஆம் தேதி தொடங்கும். டிக்கெட் கிடையாது, கொசு உண்டு. ஒரு நாளாவது சேர்ந்து போகலாம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கட்டன்சாயா குடித்துக்கொண்டு விடியும்வரை இருக்கலாம், அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போவோம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தருவதாக மார்த்தாண்டத்தில் ஒருவர் சொன்னார். பின்னால் வரும் இரைச்சலை எல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமாகத் தருவாராம். மீன்காரியை மட்டும் தொடாதே என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.