அண்டார்டிகா கட்டுரையில் விட்டுப்போன கிரில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அண்டார்டிகா கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பென்குயின், சீல், திமிங்கலம் எல்லாம் இருந்தன. இவை அத்தனைக்கும் தீனியான கிரில் என்ற சின்னக் கடலுயிரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

எனக்கும் முன்பு கிரில் என்றால் என்னவென்று தெரியாது. அம்மாவின் மூட்டுவலிக்கு யாரோ சொன்னார்கள் என்று ஒரு மாத்திரை வாங்கினேன். கருஞ்சிவப்பாக, மெத்தென்று இருந்தது. குப்பியைத் திருப்பிப் பார்த்தால் 'அண்டார்டிக் கிரில் எண்ணெய்' என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து தேடித்தேடிப் படிக்கிறேன்.

பார்க்க இறால் மாதிரிதான் இருக்கும். பெரிதாக வளர்ந்தாலே சுமார் 6 செ.மீ. நீளம். கண்ணாடி போன்ற உடம்பு, அங்கங்கே சிவப்புப் புள்ளிகள், மிளகு போல இரண்டு கண்கள். தலைக்குப் பின்னால் பச்சையாக ஒரு திட்டு தெரியும். அது தின்ற பாசி. குளிர்காலத்தில் கடல்பனியின் அடிப்பக்கத்தில் பாசி படர்ந்திருக்கும். மல்லாந்து நீந்தியபடி அதைச் சுரண்டித் தின்றுதான் கிரில் குஞ்சுகள் பிழைக்கின்றன. பனி குறைந்தால் அவற்றின் பாடு திண்டாட்டம்.

நீலத்திமிங்கலத்தின் வயிறு நிரம்புவது இதனால்தான். அடேலி பென்குயின்கள் கூடு கட்டும் இடங்கள் எச்சம் படிந்து இளஞ்சிவப்பாகக் கிடப்பதும் இதைத் தின்பதால்தான். 'நண்டு தின்னும் சீல்' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அதுவும் கிரிலைத்தான் தின்கிறது. அதன் பற்கள் சல்லடை போலப் பிளவுபட்டவை. வாயில் இழுத்த தண்ணீரைப் பல்லிடுக்கு வழியே வெளியே தள்ளிவிட்டு, தங்கிய கிரிலை விழுங்குகிறது.

எண்ணெய்க்கும் வளர்ப்பு மீன்களின் தீவனத்துக்கும் கிரில் பிடிக்கிறார்கள். தென் அட்லாண்டிக் பக்கம் ஒரு பருவத்துக்கு 6,20,000 டன் என்று வரம்பு இருக்கிறது. அங்குள்ள மொத்தக் கிரிலோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். என் கவலை எங்கே பிடிக்கிறார்கள் என்பதுதான். ஒரே இடத்தில் வாரிவிடாமல் நான்கு பகுதிகளுக்குப் பங்கிடும் விதி 2009 முதல் இருந்தது. இதை முடிவு செய்யும் சர்வதேச ஆணையத்தின் உறுப்பு நாடுகள் ஒத்துப்போகாததால் 2024 முடிவோடு அது காலாவதியானது. அடுத்த பருவமே, 2025 ஆகஸ்டுக்குள் வரம்பை எட்டி, கிரில் பிடிப்பதை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. கப்பல்கள் விரும்பிப் போவது அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டிய கடலுக்கு. பென்குயின்கள் குஞ்சுக்கு இரை தேடுவதும், திமிங்கலங்கள் மேய வருவதும் அதே கடலில்தான். குஞ்சை விட்டுவிட்டு ஒரு பென்குயின் எவ்வளவு தூரம் போய்விட முடியும்?

அந்த ஆணையம் ஆண்டுதோறும் அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூடுகிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர். பங்கீட்டு விதியைத் திரும்பக் கொண்டுவர எந்தெந்த நாடு என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கட்டுரைக்குக் கிரிலின் படத்தையே பெரிதாகப் போடுங்கள், அந்தப் பச்சைத் திட்டு தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி