மெட்டு நடுவில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனில் 2004-இல் தொடங்கிய பப்பினி சிஸ்டர்ஸ் என்ற மூன்று பெண்கள் பாடும் குழுவைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் பாதி இடம் உடைக்கும் கூந்தல் அலங்காரத்துக்குமே போய்விட்டது. ஸ்விங் என்ற பழைய ஜாஸ் நடனப் பாட்டுக்கு உயிர் கொடுப்பது குரல்களை அடுக்கும் விதம். அதைப் பற்றி ஒரு பத்தியாவது வந்திருக்க வேண்டும்.

இந்தப் பாணியில் புகழ்பெற்ற அமெரிக்க மூவர் குழுவான ஆண்ட்ரூஸ் சகோதரிகளில் மெட்டைப் பாடியவர் கடைசித் தங்கை. அவர் குரலுக்கு மேல் சுரத்தில் மேக்சீன், கீழ்ச் சுரத்தில் மூத்தவர் லாவெர்ன். மெட்டை உச்சியில் வைத்து மற்ற இரண்டையும் கீழே தொங்கவிட்டால் தேவாலயப் பாடல் போல ஆகிவிடும்; அந்த நெருக்கம் வராது.

இன்னொன்று, இந்த இசையில் ச-க-ப மட்டும் போதாது. சதுச்ருதி தைவதமும் (த) சேர வேண்டும். பாடுவதோ மூவர், சுரமோ நான்கு. அதனால் பஞ்சமத்தை விட்டுவிட்டு ச-க-த பாடுவார்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அடியில் பாஸ் (கீழ்ச் சுரங்களை வாசிக்கும் வாத்தியம்) ஷட்ஜத்தைப் பிடிக்காவிட்டால் காது தைவதத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். குதூகலமான பாட்டு சோகமாகிவிடும். பாஸ் இல்லாமல் ஒத்திகை பார்க்கவே கூடாது. குரல் நடுக்கமும் ஆகாது. சுரங்கள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஆளுக்கொரு வேகத்தில் நடுங்கினால் சுருதி கலங்கும். சொல்லின் கடைசியில் ‘ஸ்’ வந்தால் ஒருவர் மட்டும் உச்சரித்தால் போதும். மூவரும் சொன்னால் மைக்கில் பாம்பு சீறுவதுபோல் கேட்கும்.

ஸ்விங் என்பது திஸ்ர நடை (ஓர் அடியை மூன்றாகப் பிரிப்பது) என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதிதான் சரி. நடுத்தர வேகத்தில் ‘தகிட’வின் முதல் இரண்டைச் சேர்த்தாற்போல், 2-க்கு 1 என்று விழும். வேகம் ஏற ஏற இரண்டு பங்கும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். துரித காலத்திலும் 2-க்கு 1 என்று பிடிவாதம் பிடித்தால் பாட்டு நொண்டும்.

மைக் ஒன்றே போதும். 1930-களின் ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. மூவரும் அதன் முன் நெருங்கி நின்று, யார் குரல் தூக்கலாக இருக்கிறதோ அவர் அரையடி பின்வாங்குவார். ஆளுக்கொரு மைக் கொடுத்தால் இந்தச் சமநிலை பாடுபவர்கள் கையைவிட்டு ஒலிப்பொறியாளர் கைக்குப் போய்விடும்.

கடைசியாக ஒரு திருத்தம்: இந்தப் பாணி ஆண்ட்ரூஸ் சகோதரிகளோடு தொடங்கவில்லை. ஆண்ட்ரூஸ் சகோதரிகள் புகழ்பெற்றது 1937-இல் பதிவான பாட்டால். நியூ ஆர்லியன்ஸின் பாஸ்வெல் சகோதரிகள் அதற்குள், 1936-லேயே, குழுவைக் கலைத்துவிட்டார்கள். பாட்டின் நடுவே காலப்பிரமாணத்தையே (வேகத்தையே) மாற்றிப் பாடியவர்கள் அவர்கள். ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடிப் பழகியதே அவர்களைக் கேட்டுத்தான். அடுத்த கட்டுரை பாஸ்வெல் சகோதரிகளைப் பற்றி வர வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்