காடு பார்த்துக்கொள்ளாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலையுதிர் காலத்தில் நாய்களோடு காட்டுக்குப் போய்வருவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்கு நாய்கள் மேல் இருக்கும் பிரியம் வரிக்கு வரி தெரிந்தது. என் வீட்டிலும் இரண்டு இருப்பதால் அந்தப் பிரியத்தோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கெல்லாம் கூடப் போட்டிருந்த படத்தோடுதான். காய்ந்த இலைகளை வாரியிறைத்துக்கொண்டு நாய்கள் பாய்கின்றன. ஒன்றின் கழுத்திலும் கயிறு இல்லை. கீழே, ‘அவிழ்த்துவிடுங்கள், மற்றதைக் காடு பார்த்துக்கொள்ளும்’ என்று ஒரு அறிவுரை. காடு பார்த்துக்கொள்ளாது ஐயா.

போன மாதம் நாங்கள் சிலர் நாய்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உடன் வந்த ஒருவர் தன் நாயை அவிழ்த்துவிட்டார். “கட்டிக் கூட்டிட்டு வா தம்பி” என்றேன். “இவன் ஒண்ணும் பண்ண மாட்டான்க்கா” என்றார். உண்மைதான், அவன் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணியது முள்ளம்பன்றி. புதருக்குள் ஒரு சலசலப்பு, அடுத்து வயிற்றைப் பிசையும் ஓர் அலறல். வெளியே வந்தவனுக்கு மூக்கு, மேலுதடு, நாக்கின் அடி எல்லாம் முள். முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கத் தேய்க்க அவை இன்னும் உள்ளே இறங்கின. தம்பி ஒரு முள்ளைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்; நாய் அவர் கையையே கவ்வ வந்தது. முள்ளைப் பாதியில் வெட்டினால் உள்ளே இருக்கும் காற்று இறங்கி எளிதாக வந்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் கத்தரியைத் தேடினார். நல்லவேளை, கத்தரி கிடைக்கவில்லை. வெட்டினால் முள் பிளந்துகொள்ளும், பிடித்து இழுக்கவும் நுனி இருக்காது. முள்ளம்பன்றி முள்ளை அம்பாக எய்யும் என்பதும் இதே ரகக் கதைதான். மேலே பட்டால்தான் முள் தைக்கும்.

முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு காரில் ஏற்றினோம். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உடைந்த துண்டு ஏதாவது சதைக்குள் நகர்ந்து போயிருக்கலாம், சில வாரம் வீக்கம் வருகிறதா பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மற்ற மாதங்களில் இல்லாத எச்சரிக்கை இப்போது மட்டும் எதற்கு என்று கேட்கலாம். சீக்கிரமே இருட்டிவிடுவதால், நாம் மாலையில் நடக்கும் நேரமும் இரவுப் பிராணிகள் வெளியே வரும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் கரடியும் முள்ளெலியும் உடம்பில் கொழுப்பேற்றும் அவசரத்தில் இருக்கின்றன. கரடி ஒரே நாளில் 20 ஆயிரம் கலோரி வரைகூடத் தின்னும். சிவப்பு மான்களுக்கோ இது இணைசேரும் பருவம். கிடாக்கள் தீனியை மறந்து, கத்திக்கொண்டும் முட்டிக்கொண்டும் திரிந்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். மிஞ்சிய உடம்பை வைத்துக்கொண்டுதான் அவை குளிரைத் தாண்ட வேண்டும். நம் நாய்க்கு விளையாட்டாக இருக்கும் ஒரு துரத்தல், அந்த மானின் குளிர்காலச் சேமிப்பிலிருந்து எடுத்த செலவு.

அதே நாள் மதியம் அப்படி ஒரு கிடாவைப் பார்த்தோம். கழுத்து மயிரெல்லாம் சேறு காய்ந்து சடை பிடித்திருந்தது. கொம்பில் ஒரு கொத்துப் புல் தொங்கியது. அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் கத்தலைக் கேட்டதும், வீட்டில் கூரியர்க்காரரை உண்டு இல்லை என்று பண்ணும் என் பெரியவன் சத்தமில்லாமல் என் காலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். மான்களுக்கு 50 மீட்டருக்குள் போகாதீர்கள் என்று மான்கள் திரியும் பூங்காக்களைப் பராமரிக்கும் லண்டன் ராயல் பார்க்ஸ் நிர்வாகம் சொல்கிறது. கயிறு கயிறு என்று கத்துகிற நானே இதையும் சொல்லிவிடுகிறேன்: மான் உங்கள் பக்கமாகப் பாய்ந்து வந்தால் கயிற்றைக் கையைவிட்டு விட்டுவிடுங்கள். அதன் கோபம் நாய் மேல்தான். நாய் ஓடித் தப்பிக்கும், உங்களால் முடியாது.

கட்டிக் கூட்டிப்போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. சிட்னியின் புறநகர்க் காடுகளில் பேங்க்ஸ், பிரையன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களைக் கயிற்றில் பிடித்து நடத்திப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். நாய் போன பாதைகளில் பறவை வகைகள் 35 சதவீதமும், பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்திருந்தன. மனிதர்கள் மட்டும் நடந்தபோது அதில் பாதிகூடக் குறையவில்லை. இதைப் படித்த பிறகு, பறவைகள் அடையும் புதர்ப்பாதைகளை விட்டுவிட்டு அகலமான வண்டித்தடத்திலேயே நடக்கிறோம். நாய்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, மோப்பம் பிடிக்க எங்கும் ஏதாவது கிடைக்கிறது.

தடுப்பூசியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. ஊசி போடாத நாயின் நோய் காட்டு விலங்குக்கும் தொற்றும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி காட்டில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு செத்தது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயால்தான்.

அடுத்த முறை இப்படி ஒன்றைப் போடும்போது, முள் தைத்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெட்டிச் செய்தியாகச் சேர்த்துவிடுங்கள். படம் வேண்டுமானால் கயிறோடு நிற்கும் நாயும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். என் வீட்டு இரண்டும் போஸ் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் ஒரு வாசகி