ஆறு சொட்டு எண்ணெய்

அன்புள்ள தோழி,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தப்புதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

நேற்று உன் அக்கா போனில் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. முழங்கால் வலிக்கு வாசனை எண்ணெய் மசாஜ் நன்றாகக் கேட்கிறது என்று பிசியோதெரபி பயிற்சியையே நிறுத்திவிட்டாயாமே? பள்ளிக்கூடத்திலிருந்து இந்தப் பிடிவாதம் மட்டும் உனக்கு மாறவே இல்லையடி.

மசாஜ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அம்மாவுக்கும் இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்துவிட்டது. உட்கார்ந்து எழும்போது சுவரில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். பார்க்கவே வயிற்றைப் பிசையும். மூன்று வாரமாகத் தினமும் படுக்கப்போகும் முன் நான்தான் நீவி விடுகிறேன். 10 மில்லி பாதாம் எண்ணெயில் 6 சொட்டு லாவெண்டர், அவ்வளவுதான். முதல் நாள் இந்தக் கணக்குத் தெரியாமல் எதிலும் கலக்காமல் அப்படியே தடவிவிட்டேன். தோல் சிவந்து தடித்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. நீயும் புது எண்ணெய் எதுவானாலும் முதலில் முன்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்.

இப்போது ராத்திரி வலியில் விழித்துக்கொள்வது குறைந்திருக்கிறது. அந்த வாசனை வந்ததுமே அம்மாவின் தோள் தளர்ந்துவிடுகிறது. அதனால் உனக்குச் சுகமாக இருக்கிறது என்றால் நான் நம்புகிறேன்.

ஆனால் நீவும்போதுதான் ஒன்று கையில் பட்டது. அம்மாவின் வலது தொடை இடதைவிட மெலிந்து, தசை தொளதொளவென்று இருந்தது. வலிக்குப் பயந்து அந்தக் காலை ஊன்றாமல் இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டது. தொடைத் தசைதானே முழங்காலைத் தாங்குகிறது? அது இளைக்க இளைக்கச் சுமையெல்லாம் மூட்டின் மேல் இறங்கும். ஜவ்வு என்கிறோமே, அந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் கிடையாது; மூட்டை ஆட்டி அசைத்தால்தான் உள்ளே இருக்கும் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போகும். தோலில் தேய்க்கிற எண்ணெயால் அதை வளர்க்க முடியாது.

அன்றைக்கே உட்கார்ந்து ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். ஹாங்காங்கில் முதியவர்களுக்கு இஞ்சி, ஆரஞ்சு எண்ணெய் வைத்து 3 வாரத்தில் 6 முறை மசாஜ் செய்து பார்த்திருக்கிறார்கள். 1 வாரம் கழித்துப் பார்த்தபோது வலி குறைந்திருந்தது. 4 வாரம் கழித்து அந்தப் பலன் நிற்கவில்லை. ஈரானில் லாவெண்டர் வைத்துச் செய்ததிலும் இதே கதைதான். அதாவது, நீவி விடும்வரை நிம்மதி. அந்த நிம்மதி கிடைக்கிற நேரத்தில் காலை அசைக்காமல், வேறு எப்போது அசைக்கப்போகிறாய்?

அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் செய்கிறோம். நீவி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குவாள். காலுக்குப் பத்து தடவை. முதல் வாரம் நான்கிலேயே கால் நடுங்கியது. நேற்று ஒன்பது.

எடையையும் கொஞ்சம் பார்த்துக்கொள். 1 கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் 4 கிலோ பாரம் குறையுமாம்.

அப்புறம், மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் நீவவே வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெயைத் தொடாமல் உடனே டாக்டரிடம் போ. அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்ததாக இருக்கலாம். மாத்திரையையும் நீயாக நிறுத்தாதே.

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார். அம்மா எண்ணுவாள், நீ காலை நீட்டு.

உன்,
பழைய பெஞ்சுக்காரி