கைத்தாக் விமானங்களை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சீன அங்கீகாரம் பற்றிய கட்டுரை படித்தேன். 1950 ஜனவரி 6 அன்று மாவோவின் கம்யூனிஸ்ட் சீன அரசை அங்கீகரித்த பிரிட்டனைக் கெட்டிக்காரன் என்றும், 1978 கடைசி வரை, மாவோவிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் காய் ஷேக் தரப்பின் அரசையே சீனா என்று சாதித்த அமெரிக்காவைப் பிடிவாதக்காரன் என்றும் கட்டுரையாளர் பிரித்துவிட்டார். கெட்டிக்காரத்தனத்தில் பிரிட்டனுக்கு என்ன கிடைத்தது என்று அவர் பார்க்கவே இல்லை.

காரணம் இருந்தது, சரி. ஹாங்காங் கையில் இருந்தது, ஷாங்காயில் பணம் மாட்டியிருந்தது. ஒரு வாரம் முன்பே, 1949 டிசம்பர் 30-இல், இந்தியாவும் அங்கீகரித்துவிட்டது. தூதரக உறவு வைப்பது யாரையும் பாராட்டுவதற்காக அல்ல, வசதிக்காக என்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்த சர்ச்சிலே நாடாளுமன்றத்தில் பேசியிருந்தார்.

அந்த வசதியின் லட்சணத்தை ஹாங்காங்கின் அன்றைய கைத்தாக் விமான நிலையத்தில் பார்க்கலாம். சீன அரசு விமான நிறுவனங்கள் இரண்டின் தலைவர்கள் 1949 நவம்பரில் 12 விமானங்களோடு மாவோ பக்கம் பறந்துவிட்டார்கள். ஹாங்காங்கில் 71 விமானங்கள் நின்றுவிட்டன. டிசம்பரில் சியாங் காய் ஷேக் அரசு அவற்றை ஷெனால்ட் என்ற அமெரிக்கரின் தரப்புக்கு விற்றது. அப்புறம் பறந்தது வழக்குதான். 40 விமானங்களைப் பற்றிய வழக்கில் ஹாங்காங் நீதிமன்றங்கள் பெய்ஜிங் பக்கம் நின்றன. 1952-இல், காலனிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைப் புரட்டிப்போட்டது. விற்ற அன்று பிரிட்டன் அங்கீகரித்திருந்தது சியாங் அரசைத்தான், ஜனவரியில் கொடுத்த அங்கீகாரம் டிசம்பர் கிரயத்தை ரத்து செய்யாது என்று தீர்ப்பு. நம் ஊரில் பத்திரத்தின் தேதியைப் பார்த்துச் சொத்துத் தகராறை முடிப்பது போலத்தான்!

பெய்ஜிங் சும்மா இருக்குமா? பேச வந்த பிரிட்டிஷ் பிரதிநிதியிடம் அது ஆரம்பத்திலேயே ஹாங்காங்கில் இருக்கும் சீன அரசுச் சொத்துகளையும் ஐ.நா.வில் சீனாவின் இடம் யாருக்கு என்ற வாக்கெடுப்பையும் பற்றித்தான் குடைந்தது. இதற்கிடையே கொரியப் போரில், அங்கீகரித்த அரசின் படையோடே பிரிட்டிஷ் சிப்பாய்கள் மோதினார்கள். ஐ.நா.விலோ, சீனாவின் இடத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைக்க 1951 முதல் 1960 வரை அமெரிக்காவோடு சேர்ந்தே பிரிட்டன் கை தூக்கியது. ஒரு கையில் அங்கீகாரம், மறு கையில் ஒத்திவைப்பு. 1954-இல்தான் பொறுப்புத் தூதர் (முழுத் தூதருக்குக் கீழ்நிலை) அளவுக்கு உறவு ஏற்பட்டது. முழுத் தூதர்கள் வர 1972 மார்ச் ஆயிற்று. அதாவது, அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போய்த் திரும்பிய பிறகு!

என்னைக் கேட்டால் நிஜமான துணிச்சல் இலங்கையிடம் இருந்தது. அதுவும் 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்தது. 1952-இல் ரப்பர் கொடுத்து அரிசி வாங்க சீனாவோடு ஒப்பந்தம் போட்டது டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு. கம்யூனிசத்தோடு அவர்களுக்கு எந்த உறவும் கிடையாது. அரிசிக்குத் தட்டுப்பாடு, அவ்வளவுதான். அதனால் அமெரிக்க உதவி கிடைக்காமல் போனதையும் தாங்கிக்கொண்டார்கள். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

கடைசியாக, படத்தின் கீழே 'பெய்ஜிங்கில் பிரிட்டிஷ் தூதர், 1955' என்று போட்டிருக்கிறீர்கள். அப்போது அங்கே இருந்தவர் பொறுப்புத் தூதர். அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

உங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி