கிளாண்டன் மாளிகையின் அந்த ஒரு கூடத்தையாவது திரும்பக் கட்டுங்கள்

பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் சர்ரேயில் உங்கள் பொறுப்பில் இருக்கும் கிளாண்டன் பார்க் மாளிகையைப் பற்றி எழுதுகிறேன். 2015 ஏப்ரல் 29 அன்று அடித்தளத்து மின்பலகையில் பற்றிய தீ, கூரையையும் மாடிகளையும் சில மணி நேரத்தில் விழுங்கிவிட்டது. அடுத்த ஆண்டே, தரைத்தளத்தின் முக்கிய அறைகளைப் பழையபடி கட்டுவோம் என்றீர்கள். 2022இல் அதை மாற்றி, எரிந்த சுவர்களை அப்படியே காப்போம் என்று அறிவித்தீர்கள்.

உங்கள் வாதம் புரிகிறது. பூச்சு உதிர்ந்ததால்தான் அந்தக் காலக் கொத்தனார் செங்கலை எப்படி அடுக்கினார், உத்தரத்தை எங்கே செருகினார் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அதை மூடவே கூடாது. படுக்கையறைகளையும் திரும்பக் கேட்கவில்லை.

மார்பிள் ஹால் என்ற நுழைவுக் கூடத்தை மட்டும் கேட்கிறேன். வெனிஸ்காரரான ஜியாகோமோ லியோனி ஆன்ஸ்லோ குடும்பத்துக்காக வடிவமைத்த இந்த வீடு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறாரான செங்கல் பெட்டி. கதவைத் தாண்டியதும் நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 அடியாக, இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்த வெள்ளைக் கூடம். மேலே அர்தாரி, பகுட்டி என்ற சுதைக் கலைஞர்கள் செய்த விதானம். அதன் விளிம்பைத் தாண்டிக் காலைத் தொங்கவிட்ட உருவங்கள்! வெளியே அத்தனை அடக்கம், உள்ளே இத்தனை விரிவு என்பதுதான் லியோனி இங்கே போட்ட கணக்கு. விதானம் இல்லாவிட்டால் அந்தக் கனசதுரமே இல்லை. நீங்கள் திட்டமிடுவதுபோல் இடிபாட்டின் மேல் எத்தனை நடைபாதை போட்டாலும் அந்த அளவை யாரும் உடம்பால் உணர முடியாது.

முடியாத வேலையா இது? 1989இல் எரிந்த அப்பார்க் மாளிகையை நீங்கள்தான் மீட்டு 1995இல் திறந்தீர்கள். சுண்ணாம்புச் சுதையைக் கையாலேயே வடிக்கும் வித்தையைக் கைவினைஞர்கள் அங்கே மறுபடி கற்றுக்கொண்டார்கள். அப்பார்க்கில் மிஞ்சியது அதிகம், கிளாண்டனில் குறைவு என்பீர்கள். சரி. ஆனால் இந்தக் கூடத்துக்கு நிழற்படங்கள் இருக்கின்றன, சுவர்கள் நிற்கின்றன.

ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். முதலில் கூரை வரட்டும். அப்புறம், பயிற்சி பெறும் இளம் சுதைக் கலைஞர்கள் பார்வையாளர்களின் கண்ணெதிரே ஆண்டுக்கணக்கில் வேலை செய்யட்டும். அதற்கு வழியில்லாமல் செய்யும் எதையும் அந்தச் சுவர்களுக்கு நடுவே இப்போது கட்டிவிடாதீர்கள். இதுவே என் கோரிக்கை.

அன்புடன்,
பழைய கட்டடங்களை நேசிக்கும் ஒருவர்