ஏப்ரல் 26 அன்னைக்கு நம்ம பேப்பர்ல ஒரு வரிகூட இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல வருஷமா எங்க வீட்டுக்கு உங்க பேப்பர்தான் வருது, காலைல காபியோட முன்பக்கத்த நானும் நடுப்பக்கத்த அவளும் பிரிச்சு எடுத்துக்குவோம். 'அவ'ன்னு சொன்னது என்கூட 19 வருஷமா வாழ்றவ. தெருவுல கேட்டா சித்தி பொண்ணு. வீடு மாறுறப்பல்லாம் ஓனரம்மாகிட்டயும் அதேதான் சொல்றோம்.

ஏப்ரல் 26 லெஸ்பியன் விசிபிலிட்டி டே, அதாவது பெண்ண நேசிக்கிற பெண்கள் நாங்களும் இருக்கோம்னு வெளிய தெரிய வைக்கிற நாள். 2008லேர்ந்து பல நாட்டுல அனுசரிக்கிறாங்க, இப்ப சில இடத்துல அதுக்குன்னு ஒரு வாரமே இருக்கு. அன்னைக்கு ஒரு ஆசைல உங்க பேப்பர பக்கம் பக்கமா பாத்தேன், ஒண்ணும் இல்ல. ரெண்டு பொண்ணுங்க வீட்ட விட்டுப் போனாலோ விஷம் குடிச்சாலோ மட்டும் நாங்க செய்தி ஆயிடறோம், அதுலயும் பேப்பர்காரங்க வைக்கிற தலைப்பு 'விபரீத நட்பு'.

ஜூன்லதான் எங்கள மாதிரி பாலியல் சிறுபான்மையினர் எல்லாரும் சேர்ந்து போற பிரைடு ஊர்வலம் நடக்குதே, சென்னைல 2009லேர்ந்து போறாங்களே, தனியா இது எதுக்குன்னு கேக்கலாம். ரெண்டு பொம்பளைங்க ஒரே வீட்ல இருந்தா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கன்னு எங்ககிட்டயே நிறைய பேர் சொல்லியிருக்காங்க, அத ஒரு வசதின்னு நினைக்கிறாங்க, ஆனா அதுக்கு அர்த்தம் இப்படி ஒரு வாழ்க்கை இருக்குன்னே யாருக்கும் தோணல, அவ்வளவுதான். அவளுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தப்ப ஃபார்ம்ல நீங்க யாருன்னு கேட்டாங்க, 'சகோதரி'ன்னு எழுதி கையெழுத்து போட்டேன். அன்னைக்கு என் கை நடுங்கினது ஆபரேஷன் பயத்துல மட்டும் இல்லீங்க.

பத்திரிகைங்கறதால உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும். பிரேசில்ல சாவோ பாவ்லோ ஊர்ல ஃபெர்ரோஸ்னு ஒரு பார், லெஸ்பியன் பெண்கள் வழக்கமா கூடுற இடம். அவங்க சின்னதா ஒரு பத்திரிகை போட்டு அங்க வித்தாங்க, இவங்க காசுல கடை நடத்துன முதலாளி பத்திரிகைய மட்டும் விக்கக்கூடாதுன்னு வெளிய தள்ளிட்டார். 1983 ஆகஸ்ட் 19, ராணுவ ஆட்சி இன்னும் முடியல, ரோசெலி ரோத்னு ஒரு பொண்ணு முன்ன நிக்க எல்லாருமா உள்ள நுழைஞ்சு போராடி விக்கிற உரிமைய வாங்கினாங்க. அந்த நாளத்தான் அங்க இன்னைக்கும் கொண்டாடுறாங்க. ஆகஸ்ட் 29 இன்னொரு நாள், அது 1996ல ரியோ டி ஜெனீரோவுல லெஸ்பியன் பெண்கள் முதல் தேசிய கருத்தரங்கு நடத்தின நாள். அத ரியோ நகராட்சி காலண்டர்ல சேக்கணும்னு 2017ல கவுன்சிலர் மாரியெல் ஃபிராங்கோ மசோதா கொண்டு வந்தாங்க, ரெண்டே ஓட்டுல தோத்துச்சு. காலண்டர்ல ஒரு தேதிக்கே அங்க அவ்வளவு எதிர்ப்பு. காலண்டர்ல ஒரு தேதிக்கே அங்க அவ்வளவு எதிர்ப்பு.

நம்ம ஊர்லயும் சொல்றதுக்கு இல்லாம இல்ல. மதுரையிலேர்ந்து சென்னைக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க வழக்குல 2021ல சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எனக்கே இது முழுசா புரியலன்னு சொல்லி ஒரு உளவியல் நிபுணர்கிட்ட போய் உக்காந்து கத்துக்கிட்டு வந்துதான் தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதி அப்படிச் சொன்னத படிச்சுட்டு அவ அழுதா. எங்கள மாதிரி ஆளுங்களப் பத்தி மரியாதையா எழுதறதுக்கு எந்தச் சொல்லப் பயன்படுத்தணும்னு 2022ல தமிழக அரசு அரசிதழ்லயே பட்டியல் போட்டுச்சு. கல்யாணம் மட்டுமே குடும்பம் ஆகுற வழி இல்லன்னு 2025 மே மாசம் அதே ஹைகோர்ட் சொல்லிடுச்சு.

அதனால கேக்கறேன், அடுத்த ஏப்ரல் 26 உங்க பேப்பர்ல அரைப்பக்கம் குடுங்க. சாவுச் செய்தியா இல்லாம, சேர்ந்து வீட்டு வாடகை கட்டி, வயசாகி, சுகரு மாத்திரை போட்டுக்கிட்டு வாழ்ற பெண்களப் பத்தி எழுதுங்க. நிருபர் அனுப்புனா நாங்க பேசறோம்.

கடிதத்தப் போட்டா எங்க பேரும் ஏரியாவும் வேண்டாம், ஓனரம்மாவும் இதே பேப்பர்தான் வாங்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி
கோயம்புத்தூர்